பெரிய வால்வை ஆளும் சிறிய வால்வு
சேமிப்புத் தொட்டிகளின் பாதுகாப்பும் வழிகாட்டி நிவாரண வால்வும்

பிரஷர் குக்கரின் மூடிமேல் வைக்கப்படும் சிறு எடையை அறியாத இல்லங்கள் இன்று மிகச் சிலவே. அடுப்பில் ஏற்றிய சில நிமிடங்களில் அவ்வெடையின் அடியிலிருந்து நீராவி மெல்லச் சீறத் தொடங்குகிறது. பின்னர் எடை மேலெழும்பி, பெருஞ் சீழ்க்கையுடன் ஆவியை வெளியேற்றிவிட்டு, மீண்டும் தன் இடத்தில் அமர்கிறது. இச்சிறு எடையே ஒரு நிவாரண வால்வு ஆகும். 1680-ஆம் ஆண்டை ஒட்டிப் பிரெஞ்சு நாட்டவரான டெனிஸ் பாப்பின், தாம் அமைத்த வேகவைக்கும் கலத்தின்மீது நெம்புகோலும் எடையும் கொண்ட வால்வு ஒன்றைப் பொருத்தினார். நம் சமையலறையின் எடை அதன் வழிவந்ததே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீழ்க்கை எழுவதற்கு முன்னரே சீறல் எழுகிறது. அதாவது, திறக்க வேண்டிய அழுத்தத்தை அடைவதற்கு முன்பே வால்வு கசியத் தொடங்கிவிடுகிறது. சமையலறையில் இதனால் நட்டம் ஏதும் இல்லை, வெளியேறுவது நீராவிதான். ஆனால் பெட்ரோலையோ, பென்சீனையோ, திரவ இயற்கை வாயுவையோ கொண்ட பெருந்தொட்டியின் உச்சியில் அதே சீறல் எழுமானால், பொருளும் வீணாகிறது. சுற்றிலும் தீப்பற்றக்கூடிய அல்லது நச்சுத்தன்மையுள்ள ஆவியும் பரவுகிறது. இக்குறையை நீக்கும் பொருட்டு அமைக்கப்பட்டதே வழிகாட்டியால் இயங்கும் நிவாரண வால்வு. அதன் இயல்பையும், அது நம்மிடம் எதிர்பார்க்கும் கவனத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

தொட்டியின் வலிமை எத்தகையது?

எண்ணெய்க் கிடங்குகளில் நிற்கும் உருளை வடிவான எஃகுத் தொட்டிகளைக் காண்போர், அவற்றை எதனாலும் அசைக்க இயலாது என்றே எண்ணுவர். திரவத்தின் பாரத்தைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் சரியே. 12 மீட்டர் உயரம் நிரம்பிய திரவத்தின் அழுத்தத்தைத் தொட்டியின் அடிப்பகுதி எளிதில் தாங்குகிறது. ஆயின் திரவத்திற்கு மேலே உள்ள வாயுவின் அழுத்தத்தைப் பொறுத்தவரை இத்தொட்டி மிகவும் மென்மையானது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 20 மீட்டர் விட்டமுள்ள தொட்டியின் கூரைப் பரப்பு ஏறக்குறைய 314 சதுர மீட்டர். 5 மி.மீ. கனமுள்ள எஃகுத் தகட்டினால் அக்கூரை வேயப்பட்டிருப்பின், ஒரு சதுர மீட்டரின் எடை 39 கிலோகிராம். கூரைத் தகடுகளின் மொத்த எடை சற்றேறக்குறைய 12 டன். உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றைவிட வெறும் 39 மி.மீ. நீருயர அளவு கூடினாலே அது கூரையின் எடைக்குச் சமமாகிவிடும். 15 செ.மீ. நீருயர அளவு கூடினால் கூரையை மேல்நோக்கித் தள்ளும் விசை 47 டன் ஆகும். குக்கரில் நாம் அஞ்சாமல் ஏற்படுத்தும் அழுத்தமோ ஏறக்குறைய 10 மீட்டர் நீருயரம். அவ்வழுத்தம் இத்தொட்டியில் ஏற்பட்டால் கூரையின்மீது தாக்கும் விசை 3,000 டன்னுக்கு மேற்படும். அத்தகைய விசையைத் தாங்கும் வண்ணம் எவரும் எண்ணெய்த் தொட்டியைக் கட்டுவதில்லை.

உள்ளழுத்தம் குறைவதோ இதனினும் கொடியது. சாதாரணத் தொட்டிகள் பல, 25 மி.மீ. நீருயர அளவுக்கு மேற்பட்ட குறையழுத்தத்தைத் தாங்குமாறு வடிவமைக்கப்படுவதில்லை. ஒரு சிறுவன் இளநீரை உறிஞ்சுகுழல் வழியே ஒரு சாண் உயரம் இழுத்துப் பருகும்போது அவன் வாய்க்குள் ஏற்படும் குறையழுத்தம் இதைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு! தொட்டியின் மேலுள்ள காற்றுவழியை மூடிவைத்து, அடியிலிருந்து பம்பு கொண்டு திரவத்தை இறைத்தால், தொட்டி தகர டப்பாவைப் போல் உள்நோக்கி நசுங்கிவிடும். வண்ணம் பூசுவோர் வால்வின்மேல் சுற்றிவைத்த பிளாஸ்டிக் உறையைப் பின்னர் நீக்க மறந்ததனால் மட்டுமே தொட்டிகள் நசுங்கியதுண்டு.

தொட்டி மூச்சு விடுகிறது

தொட்டிக்குள் அழுத்தம் ஏன் மாறுகிறது? இதற்கு முதன்மையான காரணங்கள் மூன்று.

முதலாவது, நிரப்புதலும் இறைத்தலும். மணிக்கு 500 கன மீட்டர் வீதம் திரவம் உள்ளே வருமாயின், அதே அளவு வாயு மேலே வெளியேற வேண்டும். இறைக்கும்போது அதே அளவு காற்றோ வேறு வாயுவோ உள்ளே புக வேண்டும்.

இரண்டாவது, பகலிரவு வெப்ப வேறுபாடு. திரவத்திற்கு மேலுள்ள வெற்றிடம் 1,000 கன மீட்டர் என்றும், காலை முதல் பிற்பகல் வரை அங்குள்ள வாயுவின் வெப்பநிலை 15 பாகை உயர்கிறது என்றும் கொள்வோம். வாயு விரிவதனால் மட்டுமே ஏறக்குறைய 50 கன மீட்டர் வெளியேற வேண்டியிருக்கும்; வெப்பத்தால் புதிதாக எழும் ஆவி இதற்கு மேலும் சேரும். கோடைக்காலத்துப் பிற்பகலில் திடீரென மழை கொட்டும்போது சூடேறிய கூரை சட்டெனக் குளிர்ந்து, உள்ளே குறையழுத்தம் விரைவாக உண்டாகிறது. வெப்ப நாடுகளில் இவ்வேளையே தொட்டிகளுக்குச் சோதனையான வேளை.

மூன்றாவது, விபத்து. அருகில் தீப்பற்றித் தொட்டி சூடேறினாலும், உள்ளே எதிர்பாராத இரசாயன வினை நிகழ்ந்தாலும் ஆவி பெருமளவில் எழும்.

எனவே தொட்டிக்கு வாய் வேண்டும். அவ்வாய் எப்போதும் திறந்திருந்தால் ஆவி ஓயாமல் வீணாகும்; எப்போதும் மூடியிருந்தால் தொட்டி கெடும். தேவையான கணத்தில் மட்டும் திறந்து, தேவை தீர்ந்ததும் மூடிக்கொள்வதே நிவாரண வால்வின் கடமை.

எடை வால்வின் குறை

மிகவும் எளிய வால்வு, வட்டமான துளை ஒன்றின்மேல் எடையுள்ள தட்டு ஒன்றை வைப்பதே. 30 செ.மீ. விட்டமுள்ள துளையை 15 செ.மீ. நீருயர அழுத்தத்தில் திறக்கச் செய்ய வேண்டுமாயின், தட்டின் எடை ஏறக்குறைய 10.6 கிலோகிராம் இருத்தல் வேண்டும். தொட்டியின் அழுத்தம் 7.5 செ.மீ. ஆக இருக்கும்போது தட்டை இருக்கையோடு அழுத்திவைக்கும் நிகர விசை 5.3 கிலோகிராம். அழுத்தம் 13.5 செ.மீ. ஆக உயரும்போது எஞ்சி நிற்கும் விசை ஒரு கிலோகிராம் அளவே. இவ்வளவு பெரிய வளையத்தை ஒரு கிலோகிராம் விசையால் இறுக மூடிவைப்பது அரிது. இருக்கையில் ஒரு தூசி படிந்திருந்தாலும் கசிவு தொடங்கும். குக்கரின் சீறலுக்குக் காரணமும் இதுவே.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. குறித்த அழுத்தத்தில் தட்டு சற்றே எழும்புகிறது. ஆனால் முழுதும் திறப்பதற்கு அழுத்தம் மேலும் உயர வேண்டும். சில வகை எடை வால்வுகள் முழு அளவு வாயுவை வெளியேற்ற, குறித்த அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு வேண்டியிருக்கிறது. ஆகவே தொட்டி தாங்கும் அளவில் பாதியிலேயே வால்வைத் திறக்கவைக்க நேரிடுகிறது. தொட்டியின் வலிமையில் பாதி பயனின்றிப் போகிறது.

வழிகாட்டி வால்வு

ஆங்கிலத்தில் இவ்வகை வால்வுக்கு அடைமொழியாக வழங்கும் சொல் ‘பைலட்’ என்பது. இச்சொல்லைக் கேட்டவுடன் விமானம் ஓட்டுபவர் நினைவுக்கு வருவார். ஆயினும் விமானம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே இச்சொல் துறைமுகங்களில் வழங்கியது. பெருங்கப்பல் ஒன்று துறைமுக வாயிலை அடையும்போது, அவ்விடத்து நீரோட்டத்தையும் மணல்திட்டுகளையும் அறிந்த ஒருவர் சிறு படகில் வந்து கப்பலில் ஏறி, அதனை உள்ளே செலுத்த வழிகாட்டுகிறார். கப்பலின் வலிமை அவருடையதன்று. எப்போது, எங்கே என்னும் அறிவே அவருடையது. நம் வால்வுக்கும் இவ்வுவமை பொருந்துவதால், இதனை வழிகாட்டி வால்வு என்றே இங்கு வழங்குவோம்.

இவ்வமைப்பில் இரண்டு வால்வுகள் உள்ளன. பெரியது தலைமை வால்வு; வாயு முழுவதும் அதன் வழியேதான் வெளியேறுகிறது. சிறியது வழிகாட்டி, உள்ளங்கையில் அடங்கக்கூடிய அளவினதாகவும் அது இருக்கலாம். தலைமை வால்வின் தட்டின்மேல், தட்டைவிட அகலமான நெகிழ்சவ்வு ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. அச்சவ்வுக்கு மேலே கவிழ்ந்த கிண்ணம் போன்ற மூடிய அறை உண்டு. தொட்டியிலிருந்து மெல்லிய உணர்குழாய் ஒன்று புறப்பட்டு, வழிகாட்டியின் வழியாக இவ்வறையை அடைகிறது.

சாதாரண நிலையில், தொட்டியின் அழுத்தமே இக்குழாய் வழியே மேலறையிலும் நிலவுகிறது. ஆகவே தட்டைக் கீழிருந்து மேலே தள்ளுவதும், சவ்வை மேலிருந்து கீழே அழுத்துவதும் ஒரே அழுத்தந்தான். ஆனால் சவ்வின் பரப்பு தட்டின் பரப்பைவிடப் பெரிது. அழுத்தம் ஒன்றாயினும் பரப்பு மிகுந்த பக்கமே வெல்லும். எனவே வால்வு இறுக மூடியிருக்கிறது.

மேற்கூறிய அதே 30 செ.மீ. துளையை எடுத்துக்கொண்டு, சவ்வின் பரப்பு துளையின் பரப்பைப்போல் ஒன்றரை மடங்கு என்று கொள்வோம். அசையும் உறுப்புகளின் எடையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், தொட்டியின் அழுத்தம் 7.5 செ.மீ. ஆக உள்ளபோது மூடும் விசை சுமார் 2.7 கிலோகிராம், 13.5 செ.மீ. ஆகும்போது சுமார் 4.8 கிலோகிராம், 15 செ.மீ. எல்லையை எட்டும் தறுவாயில் 5.3 கிலோகிராம். எடை வால்வில் அழுத்தம் உயர உயரப் பிடி தளர்ந்தது. இங்கோ அழுத்தம் உயர உயரப் பிடி இறுகுகிறது. இவ்வால்வின் சிறப்பு அனைத்தும் இவ்வொன்றிலேயே அடங்கியிருக்கிறது.

அப்படியாயின் அது திறப்பது எவ்வாறு? அதற்கே வழிகாட்டி இருக்கிறது. வழிகாட்டியினுள் ஒரு சிறு சவ்வும், குறித்த அளவுக்குத் திருகி அமைக்கப்பட்ட ஒரு சுருள்வில்லும் உள்ளன. தொட்டியின் அழுத்தம் குறித்த எல்லையை எட்டியதும் சிறு சவ்வு வில்லை வென்று நகர்கிறது. உடனே மேலறையில் இருந்த வாயு வெளியே செல்ல வழி திறக்கிறது. மேலறையின் அழுத்தம் வீழ்ந்ததும், தலைமை வால்வைக் கீழே அழுத்திக்கொண்டிருந்த விசை மறைகிறது. கீழிருக்கும் தொட்டியின் அழுத்தம் தட்டை முழு உயரத்திற்கும் தூக்கிவிடுகிறது. எல்லை அழுத்தத்திற்கு மேல் பத்து சதவீத உயர்வுக்குள்ளாகவே வால்வு முழு அளவில் வாயுவை வெளியேற்றும். தொட்டியின் அழுத்தம் தணிந்ததும் வழிகாட்டி மூடிக்கொள்கிறது. மேலறை மறுபடியும் நிரம்புகிறது. தலைமை வால்வு இருக்கையில் அமர்கிறது.

வழிகாட்டியில் இருவகை உண்டு. ஒரு வகை, எல்லையை எட்டியதும் தலைமை வால்வைச் சட்டென முழுதும் திறந்துவிடும். மற்றொரு வகை, தேவைக்கு ஏற்பச் சிறிதளவோ பெரிதளவோ திறக்கும். இதனால் வீணாகும் வாயு குறைகிறது. சில அமைப்புகளில் தொட்டியினுள் குறையழுத்தம் உண்டாகும்போது, அக்குறையழுத்தம் உணர்குழாய் வழியே மேலறையிலும் பரவ, வெளிக்காற்று சவ்வை அடியிலிருந்து தூக்கித் தொட்டிக்குள் புகுகிறது. ஒரே வால்வு இவ்வாறு மூச்சு விடவும் மூச்சு வாங்கவும் பயன்படுகிறது.

கடுங்குளிர்த் தொட்டிகள்

இவ்வால்வின் பயன் மிகத் தெளிவாக விளங்கும் இடங்களுள் ஒன்று, திரவ இயற்கை வாயுவைச் சேமிக்கும் தொட்டி. நம் நாட்டில் குஜராத்தில் தஹேஜில் 2004-ஆம் ஆண்டிலும், ஹஜீராவில் 2005-ஆம் ஆண்டிலும், கேரளத்தில் கொச்சியில் 2013-ஆம் ஆண்டிலும், தமிழ்நாட்டில் எண்ணூரில் 2019-ஆம் ஆண்டிலும் இவ்வாயுவை இறக்குமதி செய்யும் நிலையங்கள் செயற்படத் தொடங்கின. எண்ணூரில் உள்ள இரு தொட்டிகளில் ஒவ்வொன்றும் 1,80,000 கன மீட்டர் கொள்ளளவு உடையது.

இயற்கை வாயு சுழிக்குக் கீழ் 162 பாகை சென்டிகிரேடில் திரவமாகிறது. எத்துணை நல்ல வெப்பத்தடுப்பு அமைத்தாலும் வெளி வெப்பம் சிறிது உள்ளே புகவே செய்யும். நாளொன்றுக்கு இரண்டாயிரத்தில் ஒரு பங்கு திரவம் ஆவியாகிறது என்று கொண்டாலும், 1,80,000 கன மீட்டரில் அது 90 கன மீட்டர் திரவம். ஒரு கன மீட்டர் திரவம் ஏறக்குறைய 600 கன மீட்டர் வாயுவாக விரிவதால், நாள்தோறும் எழும் வாயு 54,000 கன மீட்டர். வழக்கமாக இதனை அமுக்கிகள் கொண்டு இழுத்துப் பயன்படுத்திவிடுகின்றனர். அமுக்கிகள் நின்றுபோனாலோ, ஆவியாதல் திடீரெனப் பெருகினாலோ நிவாரண வால்வே கடைசிக் காவல். 1971-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இத்தாலியின் லா ஸ்பெசியாவில், தொட்டியின் அடியில் புதிதாக நிரப்பப்பட்ட அடர்த்தி மிகுந்த திரவம் மேலடுக்கோடு பல மணி நேரம் கலவாமல் இருந்து, பின்னர் திடீரெனப் புரண்டது. ஒரு மணி நேரத்திற்கும் மேலாக வால்வுகள் வழியே வாயு பீறிட்டது. தொட்டி உடையாமல் தப்பியது.

வானிலைத் துறையினர்க்கு விருப்பமூட்டும் செய்தி ஒன்றும் இங்கே உண்டு. புயல் நெருங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. மூடிய தொட்டியின் நோக்கில், வெளியழுத்தம் குறைவதும் உள்ளழுத்தம் கூடுவதும் ஒன்றே. 1999-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலின் மையத்தில் அழுத்தம் ஏறக்குறைய 912 மில்லிபாராக வீழ்ந்தது. வழக்கமான நிலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டர் நீருயரத்திற்குச் சமம். மேலும், கொதிநிலையில் இருக்கும் திரவம் அழுத்தம் குறையும்போது மிகுதியாக ஆவியாகும். ஆகவே இத்தொட்டிகளின் வால்வுகளைத் தேர்ந்தெடுக்கும்போது வளிமண்டல அழுத்தம் வீழும் வேகமும் கணக்கில் கொள்ளப்படுகிறது.

கசியும் வால்வின் இருக்கையில் காற்றின் ஈரம் பனிக்கட்டியாக உறைந்து, வால்வையே பிணித்துவிடக்கூடும். வழிகாட்டி வகையிலோ எல்லை வரையில் கசிவு மிக அரிது. ஆதலால் உறைவதற்கும் இடம் குறைவு.

சிறு குழாயின் பொறுப்பு

இத்துணை நன்மைகளுக்கும் ஒரு விலை உண்டு. எடை வால்வு மந்தமானதாயினும் பிறரை நம்பி நிற்பதன்று. வழிகாட்டி வகையோ, விரற்பருமனுள்ள ஓர் உணர்குழாயை நம்பி நிற்கிறது. அக்குழாய் அடைபட்டால் தொட்டியின் நிலை வழிகாட்டிக்குத் தெரியாது. மேலறையில் சிக்கிய அழுத்தம் தலைமை வால்வைப் பிடித்துக்கொண்டே இருக்கவும் கூடும்.

ஆகவே தானாகத் திரண்டு கெட்டியாகும் திரவங்கள், படிகமாகும் பொருள்கள், பிசுபிசுப்பான ஆவிகள், தூசு மிகுந்த வாயுக்கள் ஆகியவற்றிற்கு இவ்வகை பொதுவாக ஏற்றதன்று. வேறு வழியின்றிப் பயன்படுத்த நேர்ந்தால், உணர்குழாயினுள் நைட்ரஜன் போன்ற தூய வாயுவைச் சிறிதளவு தொடர்ந்து செலுத்தி, கெடுக்கும் ஆவி உள்ளே நுழையாமல் காக்க வேண்டும்.

சவ்வு கிழிந்தால் என்னாகும்? தொட்டிகளுக்கான பொறியியல் விதிகள் இதற்கு விடை கூறுகின்றன. வழிகாட்டியின் சவ்வோ வேறு இன்றியமையாத உறுப்போ பழுதடைந்தால், தலைமை வால்வு தானே திறந்து தொட்டியைக் காக்கும்படி அமைப்பு இருத்தல் வேண்டும். வாயு வீணாகலாம்; தொட்டி உடையலாகாது என்பதே இவ்விதியின் கருத்து.

ஒரு விளக்கின் கதை

வழிகாட்டியால் இயங்கும் நிவாரண வால்வு ஒன்று உலகம் அறிய நின்ற நிகழ்ச்சி, 1979-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் நிகழ்ந்தது. அது சேமிப்புத் தொட்டியின் வால்வு அன்று. உலையின் நீர்ச் சுற்றில் இருந்த வால்வு. அதன் வழிகாட்டிக்கு ஆணை மின்சாரத்தால் சென்றது. எனினும் அதன் பாடம் நமக்கும் உரியதே.

விடியற்காலை 4 மணியளவில் நீரூட்டும் பம்புகள் நின்றன. அழுத்தம் உயர்ந்தது, வால்வு முறைப்படி திறந்தது. அழுத்தம் தணிந்ததும் மூடுமாறு ஆணை சென்றது. கட்டுப்பாட்டு அறையின் பலகையில் விளக்கும் அணைந்தது. வால்வு மூடிவிட்டது என்று பணியாளர் நம்பினர். ஆனால் அவ்விளக்கு காட்டியது வால்வுக்கு ஆணை சென்றதையே. வால்வு உண்மையில் அமர்ந்ததை அன்று. வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரத்திற்கு மேலாகக் குளிர்விக்கும் நீர் அதன் வழியே வெளியேறிற்று. உலையின் எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகியது.

வால்வின் வெளிக்குழாயில் வெப்பமானி ஒன்று இருந்தது. அது உயர்ந்த வெப்பத்தைக் காட்டவும் செய்தது. ஆனால் அங்கே முன்னரே கசிவு இருந்து வந்ததால், அவ்வெப்பம் வழக்கமானதே என்று கருதப்பட்டது. கசிவைப் பொறுத்துக்கொள்வதனால் விளையும் கேடு இதுவே: உண்மையான எச்சரிக்கை வரும்போது அது பழகிய குறையாகத் தோன்றிவிடுகிறது.

வெளியேறிய வாயு எங்கே செல்கிறது?

நிவாரண வால்வு தொட்டியைக் காக்கிறது. ஊரைக் காப்பது வேறு சாதனங்களின் பொறுப்பு. 1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் இரவு போபாலில், ஏறக்குறைய 40 டன் மீதைல் ஐசோசயனேட் இருந்த தொட்டியினுள் நீர் புகுந்து, கட்டுக்கடங்காத வினை தொடங்கியது. அழுத்தம் உயர்ந்தது, நிவாரண வால்வு திறந்தது. அவ்வால்வு எவ்வகையைச் சேர்ந்தது என்பது இங்கே முக்கியமன்று. திறக்க வேண்டியபோது அது திறந்தது. தொட்டியும் வெடிக்கவில்லை. ஆனால் தொட்டியைக் குளிர்விக்கும் பொறி முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவும் கோபுரம் அப்பெருக்கைத் தாங்கவில்லை. எரித்தொழிக்கும் கோபுரத்தின் குழாய் பழுதுபார்க்கக் கழற்றப்பட்டிருந்தது. நச்சுவாயு உறங்கிக்கொண்டிருந்த மக்களின் குடியிருப்புகளைச் சூழ்ந்தது. பல்லாயிரம் மக்கள் மாண்டனர். உயிர் பிழைத்தோருள் எண்ணற்றோர் நெடுநாள் நோயுற்றனர்.

ஆதலால் வால்வைச் சோதிக்கும் பணியாளர், அதன் வெளிவாயிலோடு நின்றுவிடாமல், அங்கிருந்து வாயு செல்லும் வழி முழுவதையும் தம் பார்வைக்குள் கொண்டுவருதல் வேண்டும்.

களப் பணியாளர் கவனத்திற்கு

இந்தியாவில் பெட்ரோலியத் தொட்டிகளுக்கான உரிமமும் மேற்பார்வையும், நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் பொறுப்பில் உள்ளன. எண்ணெய்த் தொழிலுக்கான பாதுகாப்பு நெறிகளை 1986-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற எண்ணெய்த் தொழிற் பாதுகாப்பு இயக்ககம் வகுத்து வருகிறது. அந்நெறிகளுக்கும் வால்வைச் செய்தோரின் கையேட்டிற்கும் உட்பட்டுப் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

உணர்குழாய் தொட்டியை நோக்கிச் சரிந்திருத்தல் நன்று. அப்போது குழாயில் குளிர்ந்து திரளும் திரவம் தேங்காமல் தொட்டிக்கே திரும்பும். குழாயில் அடைப்பான் இருப்பின், அது திறந்த நிலையில் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வழிகாட்டியின் வெளித்துளையில் பூச்சிவலை இருத்தல் வேண்டும். நம் நாட்டில் குளவிகள் இத்தகைய சிறு துளைகளையே தேடி மண்கூடு கட்டுகின்றன. விரல் நகமளவு மண், பெருந்தொட்டி ஒன்றின் காவலை முடக்கப் போதுமானது.

சவ்வும் மென்வளையங்களும் ரப்பர் வகைப் பொருள்களால் ஆனவை. தொட்டியில் சேமிக்கும் பொருள் மாறினால் அவையும் அதற்கு ஏற்றவையா என்று ஆராய வேண்டும். ஓர் எண்ணெய்க்கு உகந்த சவ்வு மற்றோர் எண்ணெயில் ஊறி உப்பிவிடலாம்.

வண்ணம் பூசுதல், பழுதுபார்த்தல் முதலிய வேலைகள் முடிந்தவுடன், வால்வின் மீதிருந்த உறைகளும் அடைப்புகளும் நீக்கப்பட்டனவா என்பதை ஏறிச் சென்று கண்ணால் காண வேண்டும். நீக்கப்பட்டன என்று பிறர் கூறக் கேட்டு எழுதுதல் கூடாது.

வழிகாட்டி வகையின் மற்றொரு நன்மை, அதனைத் தொட்டியிலிருந்து கழற்றாமலே சோதிக்க இயல்வது. அதற்கென அமைந்த இணைப்பில் நைட்ரஜன் உருளையையும் நீர் நிரம்பிய வளைகுழாய் அழுத்தமானியையும் பொருத்தி, அழுத்தத்தை மெல்ல உயர்த்தினால், வழிகாட்டி எந்த அளவில் திறக்கிறது, எந்த அளவில் மூடுகிறது என்பன தெரியும். இரண்டு எண்களையும் நாளுடன் பதிவேட்டில் குறிக்க வேண்டும். திறக்கும் எண்ணை மட்டும் எழுதுவது போதாது. திரீ மைல் ஐலண்டில் தவறியது திறப்பதன்று, மூடுவதே.

வகுப்பறையில் செய்து காட்டுக

ஆசிரியர்கள் இரண்டு எளிய சோதனைகளால் இதனை மாணவர்க்கு விளக்கலாம்.

திருகுமூடியுள்ள மெல்லிய தகர டப்பா ஒன்றில் சிறிதளவு நீரூற்றி, மூடியைத் திறந்துவைத்தே கொதிக்கவைக்க வேண்டும். ஆவி நன்றாக வெளிவந்ததும் டப்பாவை முதலில் அடுப்பிலிருந்து இறக்கி, பின்னரே துணியால் பிடித்து மூடியைத் திருகி, மேலே குளிர்ந்த நீரை ஊற்றினால், டப்பா நம் கண்ணெதிரே நசுங்கும். மூடிய டப்பாவை ஒருபோதும் சூடேற்றலாகாது. குறையழுத்தத்தின் ஆற்றலை மாணவர் இதனால் உணர்வர்.

இரண்டாவதாக, ஊசி நீக்கிய பெரிய மருந்தேற்றும் குழல் ஒன்றையும் சிறியது ஒன்றையும் நீர் நிரப்பி, மெல்லிய ரப்பர் குழாயால் இணைத்து, இரு மாணவரை ஒவ்வொன்றின் தண்டையும் அழுத்தச் சொல்ல வேண்டும். உள்ளே அழுத்தம் ஒன்றேயாயினும், சிறிய தண்டை அழுத்தும் மாணவன் எளிதில் வெல்வான்; பெரிய தண்டின்மீது நீர் செலுத்தும் விசை அத்துணை மிகுதி. பரப்பு மிகுந்தால் விசை மிகும் என்பதை இது காட்டும். வால்வின் சவ்வு தட்டைவிட அகலமாக இருப்பதன் காரணத்தை அதன்பின் மாணவரே கூறிவிடுவர்.

வழிகாட்டி வால்வு தன் வலிமையைத் தொட்டியிடமிருந்தே பெறுகிறது. மூடுவதற்கும் தொட்டியின் அழுத்தமே, திறப்பதற்கும் அதுவே. நம்மிடமிருந்து அது வேண்டுவன தூய்மையான ஒரு சிறு குழாயும், உரிய காலத்துச் சோதனையும், அச்சோதனையில் கண்டதைக் கண்டவாறே எழுதும் ஒரு பதிவேடும் ஆகும்.